சீடிங் கூட்டங்களில் அமர்வோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களில் மல்யுத்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், போட்டி அமைப்பாளர்களுக்கும், பருவ இறுதிப் போட்டிகளுக்கு முன் சீடிங் கூட்டங்களில் அமரும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஓர் எடைப் பிரிவில் யாருக்கு முதல் சீடு (போட்டிக் கட்டத்தில் வீரருக்குத் தரும் வரிசை எண்), யாருக்கு இரண்டாவது சீடு, யார் சீடு எதுவுமின்றிக் குலுக்கலில் எங்கோ போய் விழுவார் என்பதெல்லாம் முடிவாகும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். குறிப்பிட்ட ஒரு போட்டியின் முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை. குறிப்பிட்ட ஒரு பயிற்சியாளரைக் குறைகூறவும் வரவில்லை. பதினாறு பேர் கொண்ட பிராக்கெட்டில், அதாவது யார் யாரோடு மோதுவார் என்று காட்டும் போட்டிக் கட்டத்தில், குறைந்தது எட்டு இடங்களாவது அந்தப் பருவத்தில் மேட்டின் (மல்யுத்த விரிப்பின்) மீது நடந்தவற்றை வைத்து ஒதுக்கப்பட வேண்டும். எந்த அளவுகோல் எந்த வரிசையில் பார்க்கப்படுகிறது என்பது பருவம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒதுக்கீட்டுக்கான காரணம் எழுத்தில் வெளிவர வேண்டும். கூட்டத்துக்குத் தன் பயிற்சியாளர் வரவில்லை என்பதால் எந்தப் பிள்ளையும் இடம் இழக்கக் கூடாது. நான் கேட்பது இவ்வளவே. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கங்கள்.

இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்துப் பழகிய பெற்றோர், சனிக்கிழமை விடியலில் ஒரு பள்ளி ஜிம்மின் படிவரிசையில் அமர்ந்து, சுவரில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் தாளில் தம் பிள்ளையின் பெயரைத் தேடுகிறார்கள். அந்தப் பெயர் ஏன் அந்த வரியில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நானும் என் மகளின் வழியாகவே இதற்குள் வந்தேன். மதிப்பெண் மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் ஓர் எடைப் பிரிவின் வலிமையானவர்கள் முதல் சுற்றிலேயே ஒருவரையொருவர் வெளியேற்றிக்கொள்ளாமல் இருக்க, அவர்களுக்கு வரிசை எண் கொடுத்துத் தனித்தனி இடங்களில் அமர்த்துவதே சீடிங். முதல் சீடும் இரண்டாவது சீடும் எதிரெதிர்ப் பாதிகளில் இருப்பார்கள். காலிறுதியில் ஒன்றாவது சீடு எட்டாவதையும், நான்காவது ஐந்தாவதையும், மூன்றாவது ஆறாவதையும், இரண்டாவது ஏழாவதையும் சந்திப்பதுபோல் கட்டம் வரையப்படும். தோற்றவர் உடனே வீடு திரும்புவதில்லை. அவர் ஆறுதல் சுற்றுக்குப் போகிறார். அங்கே தொடர்ந்து வென்றால் மூன்றாம் இடம் வரை எட்டலாம். மாவட்டத்தில் குறிப்பிட்ட இடத்துக்குள் வந்தவர் மண்டலத்துக்கும், அங்கே வென்றவர் மாநிலப் போட்டிக்கும் போகிறார். நியூ ஜெர்சியின் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை அட்லாண்டிக் சிட்டியின் போர்டுவாக் ஹாலில் முடிகிறது. பென்சில்வேனியாவின் பிள்ளைகளுக்கு ஹெர்ஷியில். அயோவாவின் ஆண் பிள்ளைகளுக்கு டெ மொய்னில்.

இனி, சீடிங் சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்களைக் கொண்டே பார்க்கலாம். இவற்றுக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். பதினாறு பேரையும் சீடு இல்லாமல் குலுக்கிப் போட்டால், அந்தப் பிரிவின் மிகச் சிறந்த இருவர் ஒரே பாதியில் விழும் வாய்ப்பு 15இல் 7, அதாவது ஏறக்குறைய 47 விழுக்காடு. அப்படி விழுந்துவிட்டால் அவர்கள் இறுதிப் போட்டியில் சந்திக்கவே முடியாது. இரண்டாவது சிறந்தவருக்கு அதிகபட்சம் மூன்றாம் இடம்தான். சிறந்த நால்வரும் நான்கு தனித்தனிக் கால்பகுதிகளில் அமைவது நூற்றில் 14 முறை மட்டுமே. முதல் இருவருக்கு மட்டும் சீடு கொடுத்துவிட்டு மற்றவர்களைக் குலுக்கினால், மூன்றாவது சிறந்தவர் முதல் சுற்றிலேயே அவ்விருவரில் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று. நால்வருக்கு மட்டும் கொடுத்தால், ஐந்தாவது சிறந்தவர் தன் முதல் ஆட்டத்திலேயே அந்த நால்வரில் ஒருவருக்கு எதிரே நிற்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. எட்டுப் பேருக்குக் கொடுக்கும்போதுதான் முதல் எட்டுப் பேரும் முதல் சுற்றில் ஒருவரையொருவர் தவிர்க்கிறார்கள். ஒன்பதாவது இடத்திலிருப்பவர் எப்படியும் முதல் எட்டுப் பேரில் ஒருவரைச் சந்தித்தே ஆக வேண்டும். அது யாருடைய குற்றமுமல்ல. ஆகவே, நான் எட்டு என்று சொல்வது விருப்பத்தால் எடுத்த எண்ணன்று. அந்தக் கட்டத்தின் அமைப்பே கேட்கும் எண்.

தவறான சீடிங்கால் பாதிக்கப்படுபவர் யார் என்ற கேள்விக்குக் கூட்டங்களில் தவறான பதிலே நிலவுகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் சீடு யாருக்கு என்பதில்தான் குரல்கள் உயர்கின்றன. அதிலேயே கூட்டத்தின் பெரும்பகுதி நேரமும் கழிகிறது. உண்மையில் அந்தப் பிரிவின் சிறந்த வீரர் எந்த வரியில் எழுதப்பட்டாலும் பெரும்பாலும் வென்றுவிடுவார். அடி விழுவது மூன்றாவது முதல் எட்டாவது வரை இருக்கும் பிள்ளைகள் மீது. பதினாறு பேர் பிராக்கெட்டில் அரையிறுதியில் தோற்றவர் மூன்றாம் இடம் பெற இன்னும் இரண்டு ஆட்டங்கள் வென்றால் போதும். காலிறுதியில் தோற்றவர் நான்கு வெல்ல வேண்டும். முதல் சுற்றில் தோற்றவரோ ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். அத்தனையும் அவ்வப்போது கிடைக்கும் சிறிய இடைவெளிகளோடு, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள். மூன்றாவது சிறந்த ஒரு பிள்ளையை முதல் சீடுக்கு எதிரே முதல் சுற்றில் எழுதிவிட்டு, ‘திறமை இருந்தால் ஆறுதல் சுற்று வழியாக வந்து சேரட்டும்’ என்று சொல்வது, அதே இடத்துக்குப் போக ஒருவரிடம் இரண்டு ஆட்டங்களும் இன்னொருவரிடம் ஐந்து ஆட்டங்களும் கேட்பதாகும். பதினாறு வயதுப் பிள்ளையின் உடல் ஐந்தாவது ஆட்டத்தில் எப்படி இருக்கும் என்பது, அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஐந்தும்கூட எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. சில மாநிலப் போட்டிகளில், உங்களை வென்றவர் அடுத்த சுற்றிலும் வென்றால்தான் உங்களுக்கு ஆறுதல் சுற்றே திறக்கும். அங்கே தவறாக எழுதப்பட்ட ஒரு வரி ஒரே ஆட்டத்தில் ஒரு பருவத்தை முடித்துவிடும். வீரர்கள் ‘பிளட் ரவுண்ட்’ என்று அழைக்கும் சுற்று, அதாவது வென்றால் மேடையில் இடம், தோற்றால் வெறுங்கை என்ற அந்தச் சுற்று, இந்த விளையாட்டின் மிகக் கடுமையான நேரம். அந்த ஆட்டத்துக்கு ஒரு பிள்ளை எத்தனை ஆட்டங்களின் களைப்போடு வருகிறது என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது சீடிங் கூட்டம்தான்.

அணிக் கணக்கும் இதே வழியில் கோணலாகிறது. போட்டிகளில் முதன்மைச் சுற்றில் ஒருவர் முன்னேறினால் அணிக்கு 2 புள்ளிகள், ஆறுதல் சுற்றில் முன்னேறினால் 1 புள்ளி. எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி வென்றால் கூடுதலாக 2, பெரிய புள்ளி வித்தியாசத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டால் 1.5. இணையாக மோதக்கூடிய இரு வீரர்களில் ஒருவர் எளிய பாதியிலும் மற்றவர் கடினமான பாதியிலும் எழுதப்பட்டால், அந்த வித்தியாசம் அணிகளின் வரிசையிலும் நேராகப் போய்ச் சேர்கிறது. அணிக் கோப்பைக்குப் போட்டியிடும் பள்ளிகளின் பயிற்சியாளர்களே சீடுக்கு வாக்களிக்கும் ஏற்பாட்டில் எனக்குள்ள முதல் தயக்கம் இதுதான். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் அறிந்தவரை பெரும்பாலோர் சம்பளத்துக்குப் பொருந்தாத உழைப்பைத் தரும் நல்ல மனிதர்கள். ஆனால், தன் பிள்ளைகளுக்காக வாதாடுவது அவர்களுடைய கடமை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுநிலையாகத் தீர்ப்பளிப்பது வேறொரு கடமை. இரண்டையும் ஒரே மனிதரிடம் ஒரே மாலையில் கேட்கிறோம்.

அந்த மாலை எப்படி நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிப்படி, 2023-24 பருவம் முதல் ஒவ்வொரு மாநிலமும் 12, 13, 14 எடைப் பிரிவுகள் கொண்ட தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 14ஐத் தேர்ந்த இடங்களில், 106 பவுண்டு முதல் 285 பவுண்டு வரை, எட்டெட்டுப் பேராக 112 இடங்களை முடிவு செய்தாக வேண்டும். முதல் சில பிரிவுகளில் கவனமாகப் பேசுவார்கள். பிறகு நேரம் ஓடும். நள்ளிரவை நெருங்கும்போது ‘அந்த ஆறாவது சீடை யாருக்காவது கொடுத்துவிடுவோம்’ என்ற மனநிலை வந்துவிடும். எடை கூடக்கூடப் பேச்சு சுருங்கும். 215 பவுண்டுப் பிள்ளைக்கு 106 பவுண்டுப் பிள்ளைக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அட்டவணையின் கடைசியில் இருப்பது அந்தப் பிள்ளை செய்த தவறா?

இதைவிடவும் என்னை வருத்துவது, அந்த அறையில் இல்லாதவர்களின் நிலை. பழைய, பெரிய மல்யுத்தப் பள்ளிகளின் பயிற்சியாளர்கள் தங்கள் வீரர் ஒவ்வொருவரின் முடிவுகளையும் கோப்பாகக் கொண்டுவருகிறார்கள். மற்றப் பயிற்சியாளர்களைப் பல்லாண்டுகளாக அறிந்தவர்கள். எந்த அளவுகோலை எப்போது எழுப்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள். சென்ற ஆண்டுதான் மல்யுத்த அணியைத் தொடங்கிய ஒரு நகர்ப்புறப் பள்ளியில் இரண்டு பிள்ளைகளே இருக்கலாம். பயிற்சியாளர் முழுநேர ஆசிரியராக இருக்கலாம். கூட்டம் நடக்கும் மாலையில் அவருக்கு வேறு பணி இருக்கலாம். பல இடங்களில் ஒரு பெயரைச் சீடுக்கு முன்மொழிந்தால்தான் பேச்சே தொடங்குகிறது. முன்மொழிய ஆளில்லாத பிள்ளையின் முடிவுகள் மென்பொருளில் இருந்தும் அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. டிராக்ரெஸ்லிங் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவும் ஏறிவிடும் இந்தக் காலத்தில் இதற்கு எந்த நியாயமும் இல்லை. முன்மொழிவு என்ற படியையே எடுத்துவிடுங்கள். போட்டியில் பெயர் கொடுத்த ஒவ்வொருவரின் முடிவுகளும் தாமாகவே மேசைக்கு வரட்டும்; கூட்டம் அவற்றைச் சரிபார்க்கட்டும்.

அளவுகோல்களின் வரிசை பற்றி என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். நேருக்கு நேர் மோதிய முடிவுக்கே முதலிடம். இருவரும் இந்தப் பருவத்தில் மோதி ஒருவர் வென்றிருந்தால், அதற்கு மேல் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது இருவருக்கும் பொதுவான எதிராளிகளுக்கு எதிரான முடிவுகள். அதற்கும் அடுத்தது, இந்தப் பருவத்தில் யார் யாரை வென்றார், அவர்கள் எத்தகையவர்கள் என்பது. சென்ற ஆண்டு மாநிலப் போட்டியில் பெற்ற இடம் இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும். பல இடங்களில் அது முதலில் வருவதை ஏற்க முடியவில்லை. பதினைந்து வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே ஒரு பிள்ளையின் உடலும் ஆட்டமும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். சென்ற ஆண்டு பெற்ற ஆறாம் இடம், இந்த ஜனவரியில் நேரில் தோற்றதை அழிக்கக் கூடாது.

வெற்றி தோல்விக் கணக்கு கடைசியில் வரட்டும். 35 வெற்றி, 2 தோல்வி என்ற எண்ணுக்கு அறையில் ஓர் ஈர்ப்பு இருப்பது இயல்புதான். ஆனால் அந்த 35 எங்கே, யாரிடம் பெறப்பட்டது என்பதை அந்த எண் சொல்வதில்லை. வலிமையான அணிகளோடும் பெரிய அழைப்புப் போட்டிகளிலும் மோதி 24 வெற்றி, 9 தோல்வி பெற்ற பிள்ளை பலமுறை அந்த 35க்கு மேலே நிற்கத் தக்கவர். எதிரணியில் அந்த எடையில் ஆளில்லாததால் மேட்டின் நடுவில் நின்று கையை உயர்த்தி வாங்கிய வெற்றிகளும் சில இடங்களில் அந்தக் கணக்கில் கலந்துவிடுகின்றன. அவற்றைச் சீடிங் கணக்கிலிருந்து நீக்குவதற்கு ஒரு வரி விதி போதும். கணக்கை மட்டும் பார்க்கும் பழக்கம் இன்னொரு தீங்கையும் செய்கிறது: பயிற்சியாளர்கள் தம் வீரர்களைக் கடினமான போட்டிகளுக்கு அழைத்துச் செல்லத் தயங்குகிறார்கள். தோல்விதான் இந்த விளையாட்டில் பெரும்பாலும் ஆசிரியர். அந்த ஆசிரியரிடம் பிள்ளைகளை அனுப்பாமல் இருக்க நம் விதிகளே காரணமாகக் கூடாது.

நேருக்கு நேர் முடிவுக்கு முதலிடம் கொடுப்பதிலும் சிக்கல் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒருவர் இரண்டாமவரை வென்று, இரண்டாமவர் மூன்றாமவரை வென்று, மூன்றாமவர் முதலாமவரை வென்றிருக்கும் வளையங்கள் ஒவ்வோர் ஆண்டும் வரும். அப்போது அறையில் யாருடைய குரல் உரக்கமோ அந்த இடத்தில் வளையம் வெட்டப்படுகிறது. விதி தெளிவாக இருக்கட்டும்: வளையத்தில் உள்ள மூவரையும் ஒன்றாகவே அடுத்த அளவுகோலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அதில் ஒருவர் பிரிந்தால் மீதி இருவருக்கு மீண்டும் நேருக்கு நேர் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். இருவர் இருமுறை மோதி ஆளுக்கொன்று வென்றிருந்தால் பிந்தைய ஆட்டத்துக்கே எடை. டிசம்பரில் தோற்றுப் பிப்ரவரியில் வென்ற பிள்ளை வளர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

எடை மாறி வருவோரைப் பற்றிய விதியும் பல இடங்களில் மங்கலாகவே இருக்கிறது. உடல்கொழுப்பு அளவீட்டின்படி பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை கணக்கிடப்படுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 7 விழுக்காட்டுக்கும் பெண் பிள்ளைகளுக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே போக முடியாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கவும் கூடாது. 1997இல் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்த பிறகு கல்லூரிகளில் தொடங்கிப் பின்னர் பள்ளிகளுக்கும் வந்த ஒழுங்கு இது. இதில் ஓர் எழுத்தும் தளர்த்தப்படக் கூடாது. இந்த ஒழுங்கைப் பின்பற்றி மெதுவாக இறங்கும் பிள்ளை பருவத்தின் பாதியை மேலேயுள்ள எடையில் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதிக் கழிக்கிறது. அங்கே கிடைத்த தோல்விகளை அதன் சீடுக்கு எதிராக எண்ணினால், அவசரமாக எடை குறைத்தவருக்குப் பரிசும் விதியை மதித்தவருக்குத் தண்டனையும் தருகிறோம். மேல் எடையில் பெற்ற வெற்றிகள் முழுதாகக் கணக்கில் வரட்டும், தோல்விகள் விலக்கப்படட்டும்.

வேண்டுமென்றே மோதலைத் தவிர்ப்பதையும் விதி பார்க்க வேண்டும். கையிலுள்ள சீடைக் காப்பாற்றிக்கொள்ளப் பருவ இறுதியில் ஒரு வீரரை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் இறக்காமல் வைப்பதும், வேறு எடைக்கு நகர்த்துவதும் நடப்பதைப் பார்க்கும் எல்லோரும் அறிவார்கள். காயத்தையும் தவிர்ப்பையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதால், தண்டனை விதிப்பது நியாயமாக இருக்காது. ஆனால், இரு வீரர்களும் எடை கொடுத்து அணியில் இருந்தும் ஒருவர் இறங்கவில்லை என்றால், வேறு எல்லாம் சமமாக இருக்கையில் இறங்கியவருக்கு முன்னுரிமை என்று ஒரு விதி வைக்கலாம். அது யார் மீதும் பழி சுமத்தாது; மோத வந்தவரின் பக்கம் நிற்கும்.

பெண்கள் மல்யுத்தத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். 1998இல் ஹவாய் முதன்முதலாகப் பெண்களுக்கு அதிகாரபூர்வ மாநிலப் போட்டி நடத்தியபோது இந்த விளையாட்டில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. 2022-23 பள்ளியாண்டில் நாடு முழுவதும் அந்த எண்ணிக்கை 50,000ஐ எட்டிவிட்டது. அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால், ஆண்களுக்காக வடிவமைத்த சீடிங் முறையையே இங்கும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். பல பெண்கள் தம் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால் வாரநாட்களில் ஆண்களோடு மோதுகிறார்கள். அந்தத் தோல்விகள் மென்பொருளில் வெறும் தோல்விகளாகவே பதிவாகின்றன. 11 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு பெண்கள் போட்டிக்கு வரும் ஒரு மாணவி, அந்த 14ஐயும் ஆண்களிடம் தோற்று, பெண்களிடம் ஒருமுறைகூடத் தோற்காதவராக இருக்கலாம். அவருக்கு எதிரே 9 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கோடு நிற்பவர் பெண்களோடு மட்டுமே மோதியவராக இருக்கலாம். கணக்கு மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இரண்டாமவரே மேல். பெண்கள் பிராக்கெட்டுக்கு ஆண்களுக்கு எதிரான முடிவுகளை, தோல்விகளையேனும், முற்றாக விலக்க வேண்டும் என்பது இந்த மடலில் நான் கேட்பவற்றுள் மிக எளிதாகச் செய்யக்கூடியது. மிகுதியான பிள்ளைகளுக்கு உடனடியாகப் பயன் தரக்கூடியதும் அதுவே.

பெண்கள் போட்டியில் நேருக்கு நேர் முடிவுகளும் பொது எதிராளிகளும் குறைவு. ஒரு மாநிலத்தின் இரு மூலைகளில் இருக்கும் இரு மாணவிகள் பருவம் முழுவதும் சந்தித்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் பெயரும் செல்வாக்கும் நுழைகின்றன. முடிவுகள் போதாதபோது, பருவத்துக்கு வெளியே அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெண்கள் பிரிவில் பெற்ற முடிவுகளையும் ஓர் எல்லைக்குள் ஏற்கலாமா என்பதை உங்கள் குழுக்கள் ஆராய வேண்டும். இதில் பணமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கோடைக்காலப் போட்டிகளுக்குப் போகும் வசதி அதிகம் என்ற கேடும் உண்டு. அதனால்தான் ‘ஓர் எல்லைக்குள்’ என்கிறேன்.

மாநிலப் போட்டிகளுக்கு வருவோம். சில மாநிலங்களில் அந்த மட்டத்தில் சீடிங் என்பதே இல்லை; எந்த மண்டலத்தின் முதலிடம் எந்த மண்டலத்தின் மூன்றாமிடத்தோடு மோத வேண்டும் என்பது பருவம் தொடங்கும் முன்பே கட்டத்தில் அச்சாகிவிடும். பென்சில்வேனியாவில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்துவந்தது. வாக்கும் செல்வாக்கும் நுழைய இடமில்லாத முறை என்ற வகையில் அதற்கு ஒரு நேர்மை உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால், ஒரே மண்டலத்தில் நாட்டளவில் பேசப்படும் மூவர் இருக்கும் ஆண்டில், அந்த மூன்றாமவர் இன்னொரு மண்டலத்தின் முதலிடத்தவரைவிட வலிமையானவராகவே இருப்பார். அவரை எதிர்கொள்ளும் அந்த முதலிடத்தவருக்குத் தன் மண்டலத்தை வென்றதன் பலன் என்ன? கட்டத்தின் நேர்மை வேறு, மோதல்களின் நேர்மை வேறு என்பதை அத்தகைய ஆண்டுகள் காட்டிவிடுகின்றன.

கல்லூரி மல்யுத்தம் இதே கேள்வியை ஏற்கெனவே சந்தித்துவிட்டது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவுப் போட்டியில் ஒவ்வொரு எடையிலும் 33 பேர். 2018 வரை 16 பேருக்கே சீடு. மற்றவர்கள் குலுக்கலில் போனார்கள். 2019 முதல் 33 பேருக்கும் வரிசை எண் உண்டு. கடைசி இருவர் முன்சுற்றில் மோதி, வென்றவர் முதல் சீடைச் சந்திக்கிறார். அளவுகோல்களும் அவற்றின் எடைகளும் வெளிப்படையானவை: நேருக்கு நேர் முடிவுக்கு 25 விழுக்காடு, தரமான வெற்றிகளுக்கு 20, பயிற்சியாளர்களின் தரவரிசைக்கு 15, மீதியுள்ள நான்கிற்குப் பத்துப் பத்து. பள்ளிப் போட்டிகளுக்கு அதே விழுக்காட்டுச் சூத்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோற்ற பிள்ளையிடம் ‘நீ 0.4 புள்ளி குறைவு’ என்று சொல்வதைவிட, ‘அவர் உன்னை ஜனவரியில் வென்றார், அதனால் அவர் மேலே’ என்று சொல்வது பதினைந்து வயதுக்குப் புரியும். வரிசைப்படி பார்க்கும் அளவுகோல்களே பள்ளிகளுக்கு ஏற்றவை என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்த வெளிப்படைத்தன்மையை.

சீடிங்கே வேண்டாம், குலுக்கலில் வருவதை ஏற்பதுதான் வீரம் என்று சொல்வோரும் உண்டு; அவர்கள் உலக மல்யுத்தத்தைக் காட்டுவார்கள். அங்கே நெடுங்காலம் முழுக் குலுக்கல்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுசில் குமார் தன் முதல் ஆட்டத்திலேயே உக்ரைனின் ஆந்திரி ஸ்டாட்னிக்கிடம் தோற்றார். ஸ்டாட்னிக் இறுதிக்குப் போனதால்தான் சுசிலுக்கு ரெப்பசாஜ், அதாவது இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்று, திறந்தது. அங்கே அமெரிக்காவின் டக் ஷ்வாப் உட்பட மூவரை அடுத்தடுத்து வென்று வெண்கலம் பெற்றார். ஸ்டாட்னிக் அரையிறுதியில் தோற்றிருந்தால் அந்தப் பதக்கமே இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பும் 2018 முதல் சீடிங்குக்கு மாறிவிட்டது. ஆனால், எல்லோருக்கும் சீடு கொடுக்காததன் விளைவைப் பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 6 அன்று, 50 கிலோ பிரிவில், காயத்திலிருந்து மீண்டு, 53 கிலோவிலிருந்து இறங்கி வந்திருந்த வினேஷ் போகாட்டுக்குச் சீடு இல்லை. முதல் சுற்றில் அவருக்கு எதிரே விழுந்தவர் முதல் சீடு, ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர். கடைசி நொடிகளில் வினேஷ் 3-2 என வென்றார். தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீடுகளில் அந்த நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

அந்த வெற்றியைக் காட்டி ‘சீடு இல்லாதவரும் வெல்லலாம்’ என்று சொல்வது எளிது. நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். அந்த எடையின் மிகச் சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோத நேர்ந்தது; உலகமே இறுதிப் போட்டியாகப் பார்த்திருக்க வேண்டிய ஆட்டம் முதல் ஆட்டமாகப் போனது; சுசாகிக்கு வெண்கலம் கிடைத்ததும் ரெப்பசாஜ் வழியாகத்தான். வினேஷின் தரவரிசைப் புள்ளிகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் அவர் திறமைக் குறைவன்று; அறுவை சிகிச்சையும் எடை மாற்றமும். உங்கள் பிராக்கெட்டுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் அப்படிச் சிலர் வருகிறார்கள்: டிசம்பரில் தோள்பட்டை காயம்பட்டு ஆறே ஆட்டங்களோடு பிப்ரவரிக்கு வருபவர், வேறு மாநிலத்திலிருந்து இடையில் வந்து சேர்ந்தவர், கீழ் எடைக்கு இறங்கியவர். இத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணை வைத்து இவர்களைச் சீடிங்கிலிருந்து முற்றாக விலக்கும் விதிகளை மறுபரிசீலனை செய்யுங்கள். ஆறு ஆட்டங்களில் ஒன்று முதல் சீடுக்கு எதிரான வெற்றி என்றால், அந்த ஒன்று முப்பதுக்குச் சமம்.

சீடிங் என்பது ஏற்கெனவே வலிமையானவர்களுக்கு எளிய பாதை தருவது என்ற வாதத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். எளிய பாதை உண்மைதான். ஆனால், அது பெயரைப் பார்த்துத் தரப்பட்டால்தான் சலுகை. இந்தப் பருவத்தில் மேட்டில் செய்தவற்றைப் பார்த்துத் தரப்பட்டால் உழைப்பின் கூலி. எதைப் பார்த்துத் தரப்பட்டது என்பது எழுத்தில் வெளிவராத வரையில், இரண்டையும் பிரித்தறியப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வழியில்லை. அதனால்தான் காரணங்களை வெளியிடச் சொல்கிறேன். ஒவ்வொரு சீடுக்கும் எதிரே ஒரே வரி போதும்: ‘நேருக்கு நேர்’, ‘பொது எதிராளி’, ‘மண்டல இடம்’, ‘வாக்கு’. வாக்கு என்று எழுதப்பட்ட இடங்கள் எத்தனை என்பதை உங்கள் சங்கங்கள் பருவ முடிவில் எண்ணிப் பார்க்கலாம். எங்கே விதி போதவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

கூட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் மென்பொருள் முடிவு செய்யட்டும் என்று நான் கேட்கவில்லை. மென்பொருளில் தவறாக ஏறிய முடிவுகளும், பதியப்படாத ஆட்டங்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களின் கண் வேண்டும். மென்பொருள் தரும் வரிசை கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாப் பள்ளிகளுக்கும் போகட்டும். வர முடியாத பயிற்சியாளர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கட்டும். கூட்டம் அந்த எதிர்ப்புகளை மட்டும் எடுத்து, 106லிருந்து தொடங்கி ஓராண்டும் 285லிருந்து தொடங்கி மறு ஆண்டும் பேசட்டும். தன் வீரர் போட்டியில் இருக்கும் பிரிவில் ஒரு பயிற்சியாளர் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை.

அடுத்த பருவத்துக்கான விதிகளை உங்கள் குழுக்கள் பேசத் தொடங்கும்போது இவற்றை விவாதப் பொருளில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாவிட்டால், பெண்கள் போட்டியில் ஆண்களுக்கு எதிரான தோல்விகளை விலக்குவதையும், ஒவ்வொரு சீடுக்கும் காரணத்தை வெளியிடுவதையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் வரும் பிப்ரவரிக்குள்ளேயே செய்துவிடலாம். பதிலை எதிர்பார்க்கிறேன். கேட்டால், மதிப்பெண் மேசையில் உட்காரும் மற்றப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு உங்கள் குழுவின் முன் வரவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மல்யுத்த வீராங்கனையின் தாய்,
நியூ ஜெர்சி